ராஜா சொன்னபடி ஓடிய வேன்

ஒரு வேத வசனத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் ‘வசனம்’ என்று பெயர் வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கம்பெனி வேனை ஓட்டுகிறார்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். காலையில் திருநகரில் எங்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பும். மற்ற வேன்கள் எல்லாம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிடும், அவ்வளவுதான். எங்கள் வேனில் ஏறினால் வாழ்க்கையைப் பற்றி இரண்டொரு முடிவுகளாவது எடுக்காமல் இறங்க முடியாது.

வசனம் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி பக்கம். நெற்றியில் திருநீறு, டேஷ்போர்டில் கருப்பசாமி படம், வாயில் எந்நேரமும் கிறிஸ்தவ வேதத்தில் வருகிற ஒரு ராஜா. இந்த மூன்றும் அவரிடம் எப்படி ஒன்று சேர்ந்தன என்பது ஒரு விபத்துக் கதை. நாலு வருஷத்துக்கு முன்னால், அவருடைய அண்ணன் வீட்டு விசேஷத்தில், ‘மைக்செட்காரனுக்கு ஒண்ணும் தெரியல’ என்று சொல்லி, குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவதற்குத் தானே வேப்பமரத்தில் ஏறியிருக்கிறார். ஸ்பீக்கர் மரத்தில் நின்றுவிட்டது. இவர் நிற்கவில்லை.

கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூடவே விழுந்த செல்போனும் போய்விட்டது. பொழுது போக எதிர்ச் சுவரில் ஒரு பல்லி மட்டும் இருந்தது. அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் வார்டு வார்டாக வந்து கையளவுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞானி என்று பெயரெடுத்த ஒரு ராஜா, மனிதன் எப்படிப் பேச வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும், யார் வீட்டுக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்ன புத்திமதிகள் மட்டும் அதில் இருந்தன. பல்லி அலுத்துப்போன அன்று அண்ணன் புத்தகத்தைத் திறந்தார். கால் மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் ராஜாவின் பரம ரசிகராகிவிட்டார்.

“நான் ஒண்ணும் மதம் மாறல மாப்ள,” என்பார் என்னிடம். “சாமி வேற, ஆலோசனை வேற. சாமிக்குக் கருப்பசாமி இருக்காரு. ஆலோசனைக்கு ராஜா. யோசிச்சுப் பாரு, அம்புட்டுப் பொண்டாட்டியக் கட்டிக்கிட்டு ஒரு நாட்டையும் ஆண்டிருக்காரு. நமக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு வேன். இதுக்கு அவர்கிட்ட பதில் இல்லாமயா போகும்?”



சிக்கல் என்னவென்றால், ராஜா சொன்ன வார்த்தை எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது. பொருள் மட்டும் ஒரு மாதிரி நிற்கும். எங்கள் வேனில் உண்மையிலேயே வேதம் படித்தவள் ஒருத்தி உண்டு. டெய்சி. குவாலிட்டி செக்ஷனில் வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அண்ணன் ராஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தன் வீட்டு வெள்ளிப் பாத்திரத்தை யாரோ தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பதைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளிப்பாள்.

“அண்ணே, அது அப்படி இல்லண்ணே.”

“வார்த்தைய நீ வச்சுக்கம்மா. விஷயத்த எனக்கு விட்டுரு.”

இந்தப் பங்கீட்டில்தான் வேன் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வெடி கம்பெனி வாட்ஸப் குரூப்பில் வெடித்தது. எங்கள் மேனேஜர் விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கம் உள்ளவர். எழுந்ததும் ஒரு ரோஜாப்பூ, ஒரு சூரியன், ‘இந்த நாள் இனிய நாள்’ என்று குரூப்பில் போட்டுவிடுவார். அதற்கு நாங்கள் எல்லோரும் கும்பிடு போடுவோம். ஒவ்வொரு கும்பிடுக்கும் எல்லோருடைய தலைமாட்டிலும் செல்போன் உறுமும். ஒருநாள் காலையில், கும்பிடுகளுக்கு நடுவில் அண்ணனின் குரல்பதிவு வந்தது.

“மேனேஜர் சார், வணக்கம். வெள்ளன எந்திரிச்சு சத்தமா வாழ்த்துச் சொல்றவங்களப் பத்தி ராஜா ஒரு விஷயம் சொல்லிருக்காரு. அது வாழ்த்துக் கணக்குல சேராதாம். வேற கணக்குல சேருமாம். எந்தக் கணக்குன்னு குரூப்ல சொன்னா நல்லா இருக்காது. நேர்ல சொல்றேன்.”

மேனேஜர் அன்று நேரில் கேட்டார். அது சாபக் கணக்கு என்று அண்ணன் நேரிலேயே சொன்னார். டெய்சியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாவம், அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “அப்படித்தான் சார் இருக்கு,” என்றாள். அண்ணன் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பதால், அவள் குரலில் கொஞ்சம் அதிர்ச்சியும் இருந்தது. மறுநாளிலிருந்து ரோஜாப்பூ நின்றது. மேனேஜர் ‘குட்நைட்’ போட ஆரம்பித்தார். அதைப் பற்றி ராஜா எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் எறும்பு. கேன்டீனில் சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டது என்று டீ மாஸ்டர் மருந்துப் பொடியோடு வந்தார். அண்ணன் குறுக்கே போய் நின்றார்.

“நில்லுய்யா! சோம்பேறிப் பயலுகளுக்கெல்லாம் ராஜா யாரப் போய்ப் பாக்கச் சொன்னாரு தெரியுமா? இந்த எறும்பத்தான். வாத்தியாருக்கு யாராவது மருந்து வைப்பாகளா?”

“வாத்தியாரு சர்க்கரைக்குள்ள என்ன செய்யுறாரு?” என்றார் டீ மாஸ்டர்.

“பாடம் நடத்துறாரு. நீ தள்ளி நின்னு படி.”

ஒரு வாரம் நாங்கள் வாத்தியார்களோடு சேர்த்தே டீ குடித்தோம்.

முட்டாள்களோடு பேசுவது சம்பந்தமாக ராஜா பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாராம். பதில் பேசாதே என்று ஒரு இடத்தில், பேசு என்று அடுத்த வரியில். டெய்சி இதைச் சொல்லி அண்ணனை மடக்கப் பார்த்தாள். அவர் கியரை மாற்றிக்கொண்டே ஒரு நொடிதான் யோசித்தார். “இதுல என்னம்மா கொழப்பம்? ஒத்தப்படைத் தேதியில பேசாத. ரெட்டப்படைத் தேதியில பேசு.” அன்றிலிருந்து மேனேஜர் ஏதாவது கத்தினால், அண்ணன் முதலில் காலண்டரைத்தான் பார்ப்பார்.

ஆனால் ராஜாவால் அவர் பட்ட அவஸ்தை என்றால் மொட்டைமாடிதான். வீட்டில் மீனாட்சி அக்காவுக்கும் அவருக்கும் கேஸ் சிலிண்டர் விஷயமாக ஏதோ தகராறு. சண்டை பிடிக்கிற மனைவியோடு பெரிய வீட்டில் இருப்பதைவிட மாடி மூலையில் போய் ஒண்டிக்கொள்வது மேல் என்ற அர்த்தத்தில் ராஜா ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். மதுரையில் மே மாதம். கொசு வேறு. ராஜாவின் அரண்மனை மாடியில் காற்று வந்திருக்கலாம்.

காலையில் எனக்கு போன் வந்தது.

“மாப்ள, இன்னைக்கி வேன் வர லேட்டாகும்.”

“ஏண்ணே, பஞ்சரா?”

“இல்ல. மாடிக் கதவ அவ உள்பக்கம் பூட்டிட்டா.”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு தலை தெரிந்தது. கீழே வாசலில் மீனாட்சி அக்கா நிதானமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, கம்பெனிக்கு நேரமாகுது. கதவத் தொறந்து விடுங்க.”

“அந்த ராஜாவத் தொறந்துவிடச் சொல்லு தம்பி. அம்புட்டு அறிவுள்ள ஆளு சாவி இல்லாமயா இருப்பாரு?”

மேலே இருந்து சமாதானக் குரல் வந்தது. “மீனாச்சி, புத்தகத்தோட கடைசியில பொண்டாட்டிமாரப் பத்தி நல்லதாவும் போட்டிருக்கு. பவளத்த விட ஒசத்தியின்னு வருது.”

“அதுவரைக்கும் படிக்காம எதுக்குப் பாயச் சுருட்டுன?” என்று கேட்டபடியே அக்கா சாவியை எடுத்தார். இன்றுவரை அண்ணன் அந்தப் புத்தகத்தை எடுத்தால் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்.

இப்படி ஊருக்கெல்லாம் ராஜாவைக் கொண்டு வைத்தியம் பார்த்த மனிதர், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ராஜாவைப் பக்கத்தில் விடவில்லை. அது அவருடைய அண்ணன்.

கல்லுப்பட்டியில் புரோட்டாக் கடை வைத்திருக்கும் அந்தப் பெரியவர், தம்பி கால் ஒடிந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். ‘எப்படிடா விழுந்த?’ என்று கேட்டிருக்கிறார். இவர் விவரம் சொல்லச் சொல்ல, அந்த மனிதருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருக்கிறார்.

“எலும்பு ஒடிஞ்சு கெடக்கேன் மாப்ள. கூடப் பொறந்தவன். கட்டிலப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கான். நர்சு வந்து வெளிய போகச் சொல்லுது. வெளிய போயும் சிரிக்கான்.” இதைச் சொல்லும்போது மட்டும் வசனம் அண்ணன் முகத்தில் விளையாட்டு இருக்காது. நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பெரியவர் வீட்டு வாசலை இவர் மிதிக்கவில்லை. மீனாட்சி அக்கா மட்டும் போய்வருவார். அதை இவர் கண்டுகொள்ள மாட்டார்.

போன தை மாதம், சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் வேனில் ஏறும்போது, கம்பெனி கேட்டில் ஒரு பெண் பை நிறையப் பத்திரிகைகளோடு நின்றாள். பெரியவரின் மகள் கௌரி. அண்ணன் அவளைப் பார்த்ததும் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சித்தப்பா, எனக்குக் கல்யாணம்.”

“கேள்விப்பட்டேன். நல்லா இரு.”

“நீங்க வரணும்.”

“சொந்தக்காரங்க வீட்டுக்கு அடிக்கடி போகக் கூடாதுன்னு ராஜா சொல்லிருக்காரும்மா. போனா சலிச்சுப்போகுமாம்.”

“நாலு வருசமா வரவே இல்லையே சித்தப்பா. இதுல அடிக்கடி எங்க வந்துச்சு?”

பின் சீட்டிலிருந்து டெய்சி குரல் கொடுத்தாள். மனம் கசந்துபோன உடன்பிறப்பின் பக்கம் போய்ச் சேருவதைக் கோட்டையைப் பிடிக்கும் கஷ்டத்தோடு ஒப்பிட்டு ராஜா ஓரிடத்தில் சொல்லியிருப்பதை, ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்துச் சொன்னாள்.

“அதையும் நான் படிச்சிருக்கேன்,” என்றார் அண்ணன், கண்ணாடியைப் பார்த்தபடி. “எனக்கு அது பிடிக்கல.”

கௌரி அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. சட்டென்று வேனுக்குள் ஏறினாள். எனக்கு ஒரு பத்திரிகை, டெய்சிக்கு ஒரு பத்திரிகை என்று சீட் சீட்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். “எல்லாரும் கண்டிப்பா வரணும். ஞாயித்துக்கெழமதான், லீவு. பஸ்ல வந்து கஷ்டப்படாதீங்க. வேன்லயே வந்துருங்க.” கடைசியில் இறங்கும்போது டிரைவர் சீட் பக்கம் திரும்பினாள். “வேன ஓட்ட ஆளு வேணும்ல சித்தப்பா?”

மேனேஜரிடம் அனுமதி கேட்டதும் கொடுத்துவிட்டார். டீசல் எங்கள் பொறுப்பு. அண்ணன் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

“வேன் வரும். நானும் வருவேன். ஆனா வேன விட்டு எறங்க மாட்டேன்.”

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். மீனாட்சி அக்கா முந்தின நாளே போய்விட்டார். டெய்சி அன்றைக்கு மட்டும் சர்ச்சைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தாள். அண்ணன் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. வேனை விட்டு இறங்காத ஒருவருக்கு எதற்குப் புதுச் செருப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! திருமங்கலம் தாண்டுவதற்குள் எங்களை டவுன் பஸ் முந்தியது, டிராக்டர் முந்தியது, கேரியரில் புல்லுக்கட்டு வைத்த ஒரு சைக்கிள்காரரும் முந்தினார். இரண்டு இடத்தில் நிறுத்தி டயரைத் தட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் காரணமே இல்லாமல் நிறுத்தினார்.

“அண்ணே, முகூர்த்தம் போயிரும்ணே,” என்றேன்.

“நிதானமாப் போறதுதான் நல்லதுன்னு ராஜா...” என்று ஆரம்பித்தவர், அன்றைக்கு அதை முடிக்கவில்லை.

எப்படியோ முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது மண்டபம் வந்துவிட்டது. அண்ணன் வேனை வேப்பமர நிழலில், மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். நாங்கள் இறங்கி உள்ளே போனோம்.

வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்ற பெரியவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மூக்கு, அதே காது, தம்பியைவிட ஒரு சுற்றுப் பருமன். எங்களை வரவேற்றார். எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார். யாரும் வரவில்லை.

“வேன் வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுங்க. அங்க மரத்தடியில நிக்குது.”

“யாரு ஓட்டியாந்தது?” தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

“தம்பிதான்.”

அவர் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். நானும் டெய்சியும் பின்னாலேயே போனோம். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் மறுபடி சிரித்துத் தொலைத்தால் என்ன ஆகும்?

பெரியவர் வேன் கண்ணாடியைத் தட்டினார். முதல் தட்டுக்குக் கண்ணாடி இறங்கவில்லை. இரண்டாவது தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

“உள்ள பந்தி ஒக்காந்திருக்கு,” என்றார் பெரியவர். சத்தமாக, கோபமாக. “சாம்பார் வாளி தூக்க ஆளில்ல. நீ இங்க ஏசி போட்டு ஒக்காந்திருக்கியா?”

வசனம் அண்ணன் நேராகப் பார்த்தபடியே சொன்னார். “ஏசி ரிப்பேரு.”

நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் தம்பி பேசிய முதல் பேச்சு அது.

“அப்ப எறங்குடா!”

வசனம் அண்ணன் இறங்கினார். இறங்கிய வேகத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார். “எந்தப் பக்கம்?” என்றார். பெரியவர் கையைக் காட்டினார். இருவரும் வேக வேகமாக முன்னால் போனார்கள். ஒருவர் கொஞ்சம் காலைச் சாய்த்து நடந்தார். மற்றவர், கேட்காமலே, தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால், சமையல் கான்ட்ராக்ட்காரர் கொண்டுவந்த ஆட்கள், தலையில் தொப்பியும் கையில் உறையுமாகச் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பந்திக்கு என்ன, ஒரு ஊருக்கே பரிமாற அந்தக் கூட்டம் போதும். பெரியவர் நேராகப் போய் அதில் ஒரு பையன் கையிலிருந்த சாம்பார் வாளியைப் பிடுங்கினார். “நீ போய்த் தண்ணி குடி தம்பி,” என்று அவனைத் தள்ளிவிட்டு, வாளியைத் தம்பி கையில் கொடுத்தார்.

வசனம் அண்ணன் அந்தத் தொப்பிக்காரர்களையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்க்காதவர் மாதிரி வாளியோடு பந்திக்குள் இறங்கினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு.

“அந்த மூலைக்கு ஊத்து.”

“ஊத்தியாச்சு.”

“மாப்பிள்ள வீட்டுக்காரவுகளுக்கு வட வரல.”

“வருது, வருது. கத்தாத.”

“கால் வலிக்குதா?”

“...இல்ல.”

“வலிச்சா ஒக்காரு.”

“ஒனக்கு சர்க்கர எப்படி இருக்கு?”

“இருக்கு.”

டெய்சி எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பொங்கலைப் பிசைந்துகொண்டே கண்ணைத் துடைத்தாள். “மிளகு,” என்றாள். நானும் மிளகுதான் என்றேன்.

தாலி கட்டும்போது வசனம் அண்ணன் மேடையில் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றார். இஸ்திரிச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரை சாம்பார். கௌரி தலையைக் குனிந்து இருக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து சித்தப்பா சட்டையைப் பார்த்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் சிரித்துவிட்டாள். கெட்டிமேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. வசனம் அண்ணன் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது வேனில் வசனம் அண்ணன் திருமங்கலம் வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

“டெய்சி, ஒண்ணு கேக்கணும். ராஜாவுக்கு அண்ணன் தம்பி யாரும் உண்டா?”

டெய்சி தயங்கினாள். “ஒரு அண்ணன் இருந்தாருண்ணே.”

“அவர்ட்ட எப்படி நடந்துக்கிட்டாரு?”

“வேணாம்ணே.”

“சொல்லும்மா.”

“ஆள விட்டுக் கொன்னுட்டாருண்ணே.”

வேன் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, எங்கள் பரம்பரையைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார். அண்ணன் மெதுவாகக் கியரைப் போட்டார்.

“அப்ப, இந்த ஒரு பாடத்துல நான் ராஜாவ முந்திட்டேன் மாப்ள.”

அதோடு அவர் அடங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. திங்கட்கிழமை காலையிலேயே, அளவுக்கு மீறித் தேன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ராஜா சொன்னதை வைத்து, மேனேஜரின் சர்க்கரை வியாதியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அன்று இரட்டைப்படைத் தேதி.

போன மாதம் நான் ஒரு பைக் வாங்கினேன். தினம் வேனுக்காகக் காத்து நிற்க வேண்டாம், எனக்கு வேண்டிய நேரத்தில் கிளம்பலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். என் மனைவி தினமும் காலையில் கேட்கிறாள், “பைக்க எடுக்கலையா?” என்று. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடுகிறேன். மதுரையில் இப்போது சுட்டெரிக்கிற பங்குனி வெயில்.